பைன் காடும் தரமணிக் கோபுரமும்

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கையும் தரமணியில் உள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வுப் பூங்காவையும் அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது அளவு. அது 7,000 ஏக்கர். இது ஏறத்தாழ 11 ஏக்கர். அங்கே பைன் மரங்களுக்கிடையே எட்ட எட்ட நிற்கும் கட்டடங்கள். இங்கே ஒன்றையொன்று ஒட்டி எழுந்த கோபுரங்களில் சுமார் 12 லட்சம் சதுர அடி. பூங்கா என்பது அங்கே காரணப்பெயர், தரமணியில் இடுகுறிப்பெயர்.

ஆனால் இரண்டுக்கும் பின்னே இருந்த குறை ஒன்றுதான். 1950களின் வட கரோலினா புகையிலை, நெசவு, மரச்சாமான் ஆகியவற்றை நம்பியிருந்த ஏழை மாநிலம். சுற்றியிருந்த மூன்று பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்கள் வேலை தேடி வெளிமாநிலம் போனார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறியவர்களைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் சிலர் போய்ச் சேர்ந்ததே அந்த டிரையாங்கிளுக்குத்தான்.

இந்தக் குறையைப் போக்க இரண்டு ஊரும் நாடியது பொது-தனியார் கூட்டை. அப்படிச் சொன்னதும் நமக்கு டெண்டரும் சுங்கச்சாவடியும் நினைவுக்கு வரும். இவ்விரண்டும் வேறு ரகம். வட கரோலினாவில் முதலில் லாப நோக்கில்தான் நிலம் வாங்கினார்கள், பங்குகள் விலைபோகவில்லை. ஆர்ச்சி டேவிஸ் என்ற வங்கியாளர் பங்கு விற்பதை விட்டு நன்கொடை கேட்டுப் புறப்பட்டார். 14 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 1959இல் நிலம் லாப நோக்கற்ற அமைப்பின் கைக்கு வந்தது. அங்கே ஆளுநர் லூதர் ஹாட்ஜஸும் அந்த வங்கியாளரும் முன்நின்றார்கள். இங்கே அசோக் ஜுன்ஜுன்வாலா என்ற பேராசிரியர். இங்கும் லாப நோக்கற்ற நிறுவனமே வீட்டுக்காரர். இரண்டு ஊரிலும் அரசும் முதலாளியும் நேருக்கு நேர் பேரம் பேசவில்லை. நடுவே மூன்றாவது ஒருவரை அமர்த்தினார்கள்.

அந்த வீட்டுக்காரர்களின் குணம்தான் வேறு. அருகருகே இருந்தாலே பழக்கம் வந்துவிடும் என்று டிரையாங்கிள் நம்பியது. ஆனால் அன்று பூங்காவுக்குள் குடியிருப்புக்கு அனுமதி இருக்கவில்லை. மாலையானால் அவரவர் காரில் கலைந்துவிடுவார்கள். 1965இல் ஐ.பி.எம். வருவதாக அறிவிக்கும்வரை வளர்ச்சியும் மந்தமே. தரமணி எதையும் நம்பிக்கைக்கு விடவில்லை. குடிவந்த நிறுவனம் பேராசிரியருக்கு ஆய்வுப்பணி தர வேண்டும், மாணவரைப் பயிற்சிக்குச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் கணக்கு உண்டு. வாடகையோடு பழக்கத்துக்கும் கணக்குக் கேட்கும் வீட்டுக்காரர்! இது அதிகாரிகளின் மூளையில் உதித்த யோசனை என்றே முதலில் எனக்குத் தோன்றியது. டிரையாங்கிளின் மாலை நேரத்தை நினைத்தபின் அப்படித் தோன்றவில்லை.

விளைந்தவற்றிலும் ஒரு வேடிக்கை உண்டு. மரம் சூழ்ந்த டிரையாங்கிளில், 1960களில் கெம்ஸ்டிராண்ட் நிறுவனத்தின் ஆய்வகம் உருவாக்கியது ஆஸ்ட்ரோடர்ஃப் என்னும் செயற்கைப் புல். இடநெருக்கடி மிகுந்த தரமணியில், 2022இல் அக்னிகுல் நிறுவனம் திறந்தது ராக்கெட் தொழிற்கூடம்.

இப்போது இரண்டும் ஒன்றையொன்று கடந்து எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. டிரையாங்கிள் தன் பழைய விதியைத் திருத்தி, காட்டின் நடுவே கடைகளும் அடுக்குமாடி வீடுகளும் நெருக்கமாகக் கட்டுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யோ விசாலமான இடம் தேடித் தையூருக்குப் போய், 160 ஏக்கருக்கு மேல் விரியும் புது வளாகத்தில் ஆய்வகங்களை எழுப்புகிறது.