மகோகனிக் கதிரையின் பூர்வீகம்

தளபாடக் கலையின் வரலாற்றை எழுதுவோர் அதனை அரசர்களின் பெயராலும் கைவினைஞர்களின் பெயராலும் வகுத்துரைப்பது வழக்கம். பதினான்காம் லூயி பாணி, ஆன் அரசி பாணி, சிப்பெண்டேல் பாணி என்று அப்பட்டியல் நீளும். மரம் எங்கிருந்து வந்தது, அதனை வெட்டியவர் யார் என்ற வினாக்களை நாம் எழுப்பினால் அந்நூல்களிற் பல மௌனம் சாதிக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துச் செல்வர்கள் வால்நட் மரத்தையே பெரிதும் விரும்பினர். 1721இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று அமெரிக்கக் குடியேற்றநாடுகளின் மரங்களுக்கு இறக்குமதித் தீர்வையை நீக்கியது. கடற்படையின் தேவையை முன்னிட்டு எழுந்த சட்டம் அது. கதிரைகளைப் பற்றி எவரும் கவலைப்பட்டிரார். ஆயினும் யமேக்காவின் மகோகனி அவ்வழியே லண்டன் பட்டறைகளை நிரப்பிற்று. அகன்ற பலகை தருவதும், எளிதிற் கோணாததும், நுண்ணிய செதுக்கு வேலையைத் தாங்குவதுமான மரம் அது. கதிரையின் முதுகுப் பலகையைத் துளைத்து நாடா போலப் பின்னிக் காட்டும் துணிவு தச்சனுக்கு வந்தது அதன் பின்னரே. தோமஸ் சிப்பெண்டேல் தமது புகழ்பெற்ற மாதிரிச் சித்திர நூலை வெளியிட்டது 1754இல். மரம் முந்திற்று, பாணி பிந்திற்று.

யோர்க்சயரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த அவரின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவரும் உழைப்பாளியே. ஆனால் அவருக்கு முன்னே வேறு உழைப்பாளிகள் நின்றனர்.

யமேக்காவிற் கைக்கெட்டிய மரங்கள் அருகியபோது, ஹொண்டூராஸ் விரிகுடாக் கரையிலே, அதாவது இன்றைய பெலீஸ் நாட்டிலே, வெட்டு வேலை பெருகியது. வெட்டியோர் ஆபிரிக்க அடிமைகள். காட்டின் உயர்ந்த மரமொன்றில் ஏறி, இலையின் நிறத்தைக் கொண்டே மகோகனி நிற்குமிடத்தைக் கண்டறிபவன் ஒருவன்; அவ்வறிவுக்காகவே எசமானர் அவனுக்கு உயர்ந்த விலை மதித்தனர். அடிமரம் புடைத்து அகன்றிருக்குமாதலால், ஆளுயரத்தினும் மேலே பரண் கட்டி அதன்மீது நின்று கோடரி வீசினர். பகல் வெப்பத்தை எருதுகள் தாங்கமாட்டா என்பதனால் இரவிலே பந்த வெளிச்சத்தில் மரங்களை ஆற்றங்கரைக்கு இழுத்தனர். மழைவெள்ளம் அவற்றைக் கடலை நோக்கிக் கொண்டு சென்றது. இவர்களின் பெயரில் எந்தப் பாணியும் இல்லை.

கதிரையை வாங்கியோரின் பணம் எங்கிருந்து வந்தது? சிப்பெண்டேலுக்குக் கிடைத்த மிகப் பெரிய வேலை யோர்க்சயரின் ஹேர்வூட் மாளிகையை அலங்கரிப்பது. 1759இல் கட்டத் தொடங்கப்பட்ட அம்மாளிகையின் சொந்தக்காரரான லசெல்ஸ் குடும்பத்தினர் மேற்கிந்தியத் தீவுகளின் சீனியாலும் அடிமை உழைப்பாலும் செல்வம் திரட்டியவர்கள்.

1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 2 கோடி பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது, அடிமைகளுக்கன்று, அடிமைகளின் உடைமையாளருக்கு. பெற்றவர்களுள் ஹேர்வூட் பிரபுவும் ஒருவர். விடுதலையானோரிற் பெரும்பாலோர் 1838 வரை தொழில் பழகுநர் என்ற பெயரிற் பழைய எசமானரிடமே பெரும்பாலும் கூலியின்றி உழைத்தனர். மாளிகையின் தளபாடங்கள் இன்றும் பார்வையாளருக்குக் காட்டப்படுகின்றன.