மிலிட்டரி சக்திமானும் ஒரு சிவப்புச் சாவியும்

சக்திமான்னா உங்க பிள்ளைங்களுக்குத் தூர்தர்ஷன்ல கையைத் தூக்கிச் சுத்திக்கிட்டே பறப்பாரே, அவர்தான் ஞாபகம் வருவார். அந்தத் தொடர் வந்தது 1997ல. எங்க வட்டாரத்துல வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போனவங்க. இங்க சக்திமான்னா லாரி. அந்த லாரி செய்யுறதை நிறுத்துனது 1996ல. லாரி போன மறு வருஷமே அதே பேர்ல ஆள் வந்துட்டார்!

எங்க பெரியப்பா மகன், மிலிட்டரி அண்ணன்னு ஊரே கூப்பிடும், ரிட்டயர் ஆகி வந்து சில வருஷம் கழிச்சு ஏலத்துல போன சக்திமான் ஒண்ணைக் கைமாத்தி வாங்கிட்டு வந்தார். சேத்துல மாட்டுன டிராக்டரை இழுக்கிறது, ஏரி உடைஞ்சா மண்ணு மூட்டை கொண்டு போறதுன்னு இன்னைக்கும் அது உழைக்குது. போன வருஷம் அதுக்கு ஒரு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் வெச்சோம். அந்தக் கதையைச் சொல்லணும்னா லாரி கதையிலிருந்து வரணும்.

ஜபல்பூர்ல கன் கேரேஜ் ஃபேக்டரின்னு ஒண்ணு இருக்கு. பேர்லயே தெரியுது பாருங்க, பீரங்கி வண்டி செய்யுறதுக்காக வெள்ளைக்காரன் 1904ல கட்டுனது. சுதந்திரம் வந்தும் ரொம்ப நாளைக்கு நம்ம ராணுவம் ஓட்டிக்கிட்டு இருந்ததுல பாதி, ரெண்டாம் உலகப்போர் மிச்சம் வெச்சுட்டுப் போன வண்டிங்கதான். வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு மந்திரியா இருந்தப்போ ஜெர்மனி எம்.ஏ.என். கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு 1959லயிருந்து அந்த ஃபேக்டரியில சக்திமான் செய்ய ஆரம்பிச்சாங்க. அப்புறம் 1969ல ஜபல்பூர்லயே வாகனத்துக்குன்னு தனி ஃபேக்டரி வந்துச்சு. எம்.ஏ.என். சாதாரண கம்பெனி இல்ல. ருடால்ஃப் டீசல் தன்னோட இன்ஜினை 1897ல ஓட்டிக் காட்டுனதே அவங்களோட ஆக்ஸ்பர்க் பட்டறையிலதான். நம்ம கிணத்து மேட்டுல படபடன்னு அடிச்ச ஆயில் இன்ஜினுக்கும் அதுதான் பிறந்த வீடு.

இனி கரண்டு விஷயம். போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்புக்கு 6 வோல்ட் பேட்டரிதான். அமெரிக்காக்காரன் லட்சக்கணக்குல செஞ்ச ஜி.எம்.சி. லாரிக்கும் 6 வோல்ட்தான். போர் முடிஞ்சு 1950 வாக்குல வந்த அவங்களோட புது ஜீப்பும் ரெண்டரை டன் லாரியும் 24 வோல்ட்டுக்கு மாறிடுச்சு. ஏன்? ஒரு வேலைக்கு வேண்டிய சக்தி ஒண்ணுதான். வோல்ட் நாலு மடங்கு ஏறினா ஆம்பியர் நாலுல ஒண்ணு போதும். கம்பி மெல்லிசா இருக்கலாம், சூடு குறையும். குளிர்ல பேட்டரிக்கு பாதி பலம்கூட நிக்காது. டீசல் இன்ஜினைச் சுத்தி எழுப்பணும்னா செல்ஃப் மோட்டாருக்கு நல்ல திராணி வேணும். அண்ணன் லடாக்ல ஓட்டுனவர். "பொண்டாட்டியை எழுப்புறதுகூட சுளுவு, காலையில அந்த வண்டியை எழுப்புறது இருக்கே"ன்னு அண்ணி காதுபடவே சொல்லுவார்.

அந்த அமெரிக்க ரெண்டரை டன் லாரிக்கு சாவியே கிடையாது தெரியுமா? ஒரு நெம்புகோல் சுவிட்ச், அவ்வளவுதான். சண்டை நேரத்துல சாவியைத் தேடிக்கிட்டு இருக்க முடியுமா? எந்த சிப்பாயும் ஏறி ஓட்டலாம்.

இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சாவியைத் திருகி எடுத்துட்டா வண்டியில கரண்டு நின்னுபோச்சுன்னு நாம நினைச்சுக்கிறோம். உங்க காராவே இருக்கட்டும், சாவி உங்க பாக்கெட்ல இருந்தாலும் பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டார் வரைக்கும் போற விரல் தடிமன் கேபிள்ல உயிர் இருந்துக்கிட்டேதான் இருக்கும். பெரும்பாலும் அந்தக் கேபிளுக்கு ஃபியூஸும் கிடையாது. செல்ஃப் இழுக்கிற நூத்துக்கணக்கான ஆம்பியருக்கு ஃபியூஸ் போட்டுக் கட்டுப்படியாகாது. கேபிள் நல்லா இருக்கிற வரைக்கும் தொல்லை இல்ல. நாப்பது வருஷத்து வண்டியில மேல்தோல் காஞ்சு வெடிச்சிருக்கும், பிடிச்சிருந்த கிளிப் விழுந்திருக்கும். சேஸிஸ்ல உரசி உரசி செம்பு தெரிஞ்சதுன்னா பேட்டரி மொத்த பலத்தையும் அந்த ஒரு இடத்துல கொட்டிடும். எலி வேற. எங்க ஊர் எலிக்கு மல்லாட்டைக்கு அடுத்தபடியா பிடிச்சது வயர்தான்.

போன ஐப்பசி அடைமழையில அதுதான் நடந்துச்சு. லாரி நின்னது மாட்டுக் கொட்டாயை ஒட்டி. இந்தப் பக்கம் வைக்கோல் போர், அந்தப் பக்கம் கறவை மாடு ரெண்டு, ஒரு கன்னுக்குட்டி. ராத்திரி மாடு கத்துது. எழுந்து போய்ப் பார்த்தா லாரிக்கு அடியில புகை, ரப்பர் நாத்தம். அண்ணன் வீட்டுக்கு ஆளு ஓடுச்சு. ஸ்பேனர் போட்டா டெர்மினல் நட்டு துருப்பிடிச்சு அசையவே இல்ல. நான் மாட்டை அவுத்து வெளியில விரட்டுறேன். அவர் கொட்டாய்ல சொருகியிருந்த அருவாளை உருவி எர்த் கேபிளை ஒரே வெட்டு. புகை அடங்கிடுச்சு.

காலையில டீக்கடையில ஆளாளுக்கு அந்த வெட்டைப் பத்திதான் பேச்சு. எனக்கு அவர் எந்தக் கேபிளை வெட்டுனார்ங்கிறதுதான் பெருசாப் பட்டுச்சு. எர்த் கேபிள் ஏற்கெனவே சேஸிஸோட சேர்ந்தது. அருவாள் சேஸிஸ்ல பட்டாலும் ஒண்ணும் ஆகாது. பதட்டத்துல மத்ததை வெட்டியிருந்தா அருவாளே அடுத்த ஷார்ட் சர்க்யூட் ஆகியிருக்கும். பட்டாளத்துல கத்துக்கிட்டது அந்த இருட்டுல கைகொடுத்துச்சு.

எரிஞ்ச கேபிளை மாத்தி முடிச்ச கையோட சுவிட்ச் பேச்சு வந்துச்சு. பஸ்ஸுலயும் லாரியிலயும் பேட்டரி பெட்டி பக்கத்துல சிவப்பா ஒரு சாவி திருகுற மாதிரி இருக்கும், பார்த்திருப்பீங்க. பெட்ரோல் டேங்கருக்கு அது கட்டாயம். நம்மது ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடரா இணைச்சது. ஒண்ணோட மைனஸ் சேஸிஸுக்கு, அதோட பிளஸ் அடுத்ததோட மைனஸுக்கு, கடைசி பிளஸ் செல்ஃப் மோட்டாருக்கு. முதல் மைனஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரே சுவிட்ச் போட்டா ரெண்டு பேட்டரியும் சேர்ந்து அடங்கிடும்.

எலக்ட்ரீஷியன் தம்பி கேபினுக்குள்ள வெச்சுடலாம், திருட்டுப் போகாதுன்னான். "கேபின் பத்திக்கிட்டா உள்ள எவன்டா போவான்?"னு அண்ணன் ஒத்துக்கல. பேட்டரி பெட்டிக்கு வெளியிலதான்னு முடிவாச்சு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு.

இதுக்கு நடுவுல இன்னொரு வில்லங்கம். பழைய வண்டி சேகரிக்கிற ஒருத்தர் பெங்களூர்லயிருந்து ரெண்டு தடவை வந்து லாரியைக் கேட்டுட்டுப் போயிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு போன் பண்ணி, பாடியில ஓட்டை போட்டுடாதீங்க, ஜபல்பூர்ல வந்த மாதிரியே இருந்தாத்தான் மதிப்புன்னார். அவர் சொல்றதுலயும் நியாயம் இல்லாம இல்ல. பழசைப் பழசாவே வெச்சிருக்கவும் நாலு பேர் வேணும். அதுக்காக வைக்கோல் போர் பக்கத்துல அப்படியே நிறுத்த முடியாது. கடைசியில பழைய போல்ட் ஓட்டை ஒண்ணுலயே ஒரு இரும்புப் பட்டையை மாட்டி அதுல சுவிட்சை உக்கார வெச்சாச்சு. நாளைக்கு யாராவது வேணாம்னா ஒரு போல்ட்டைக் கழட்டுனா போதும்.

வேலை ஒரு மணி நேரம். எர்த்தைத்தான் முதல்ல கழட்டணும், கடைசியில மாட்டணும். சுவிட்சும் செல்ஃப் இழுக்கிற ஆம்பியரைத் தாங்குறதா இருக்கணும். விலை குறைச்சல்னு ஆட்டோவுக்குப் போடுறதை வாங்கிட்டு வந்தா அதுவே உருகும்.

ஒரே ஒரு கட்டளைதான் அண்ணன் போட்டிருக்கார். இன்ஜின் ஓடும்போது யாரும் அதைத் திருகக் கூடாது. பழைய டைனமோவைக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியிருக்கு. ஓடுறப்போ பேட்டரியைப் பிரிச்சா வோல்ட் எகிறி அதோட டயோடு போயிடும். திருகுனாலும் டீசல் இன்ஜின் நிக்கப் போறதில்ல, அது பாட்டுக்கு ஓடும். முதல்ல இன்ஜினை நிறுத்தி, அப்புறம் சாவி.

பெங்களூர்க்காரர் பொங்கலுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார். விலை பேச இல்லையாம், அந்தப் பட்டையைப் பார்க்கவாம்.