நாகைப் பட்டறையும் டெல்டாவின் ஃபிட்டர்களும்

காவிரி டெல்டாவில் எந்திரங்களைப் பழுது பார்க்கும் தொழில் பெரிய அளவில் வேரூன்றிய இடம் நாகப்பட்டினம் ரயில்வே பட்டறை. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், 1862இல் அங்கிருந்து திருச்சிராப்பள்ளிக்கும் பாதை போட்டது. மொத்தம் ஏறக்குறைய 125 கிலோமீட்டர். துறைமுகம் இருந்ததால்தான் பாதை நாகையில் தொடங்கியது. என்ஜினும் சக்கரமும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வர வேண்டும். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கும்வரை அந்தக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் வந்தன. ஒரு பாகம் உடைந்துபோனால் மாற்றுப் பாகம் வந்து சேர மாதக்கணக்காகும். அதுவரை என்ஜினைச் சும்மா நிறுத்திவைக்க முடியாது. உடைந்ததை இங்கேயே வார்க்கவும் கடையவும் பொருத்தவும் கை பழகிய ஆட்கள் வேண்டியிருந்தது. பட்டறை பள்ளிக்கூடமாகவும் ஆனதற்கு இந்தத் தேவையே காரணம்.

இந்தக் கம்பெனி 1874இல் கர்நாடிக் ரயில்வேயோடு இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. ஐந்தரை அடி அகலப் பாதையாகப் போட்டதை 1870களிலேயே மீட்டர்கேஜாக மாற்றினார்கள். அதன்பின் நெடுங்காலம் நாகை அந்த ரயில்வேயின் முக்கியப் பட்டறை ஊராக இருந்தது.

உலோக வேலை டெல்டாவுக்குப் புதிதல்ல. சுவாமிமலையில் வார்ப்பு, நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு, ஊருக்கு ஊர் கொழுவும் அரிவாளும் அடிக்கும் கொல்லுப்பட்டறை என்று உலோகத்தோடு பழகிய கைகள் நிறையவே இருந்தன. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு ரயில் சக்கரத்தின் சூத்திரம் பாதி விளங்கிவிடும். மரச்சக்கரத்தைவிடச் சற்றே சிறிதாக இரும்பு வளையம் செய்து, வறட்டி அடுக்கிச் சூடேற்றி, விரிந்ததும் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்து சுருங்கும் வளையம் ஆரக்கால்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நீராவி என்ஜின் சக்கரத்துக்கு எஃகு டயர் மாட்டுவதும் இதே முறையில்தான். ஆனால் அங்கே கண்ணளவு செல்லாது. டயரின் உள்விட்டத்தை லேத்தில் கடையும்போது, சக்கரத்தின் விட்டம் ஒரு மீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறைத்துக் கடைய வேண்டும். அதற்கு மேல் குறைத்தால் டயர் வெடிக்கலாம். போதிய அளவு குறைக்காவிட்டால் ஓட்டத்தில் கழன்றுகொள்ளும். கிராமத்துக் கொல்லருக்கும் ரயில்வே ஃபிட்டருக்கும் இடையே இருந்த தூரம் அந்த ஒரு மில்லிமீட்டர்தான். அதைக் கடக்கப் பல ஆண்டுப் பழக்கம் தேவைப்பட்டது.

அந்தப் பழக்கம் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் முன்னால் தொடங்கும். புதிதாகச் சேரும் பையனின் கையில் முதலில் உளியும் சுத்தியலும், பிறகு அரமும் வரும். ஒரு இரும்புக் கட்டியை ஆறு பக்கமும் சமமாக, மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் கசியாதபடி அராவ வேண்டும். பார்க்க எளிய வேலை. அராவும்போது கை தன்னையறியாமல் முன்னும் பின்னும் தாழ்ந்து உயரும், கட்டியின் நடுப்பகுதி மேடாகிவிடும். காலை அகற்றி நின்று, உடம்பின் எடையை அரத்தின் முனைக்கும் பிடிக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கத் தெரிந்த பிறகே பரப்பு சமமாகும். இன்றைக்கும் தொழிற்பயிற்சி நிலையமான ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் சேர்பவர் செய்யும் முதல் பயிற்சிகளில் இது ஒன்று. எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித்தர முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று தோளைத் தட்டித் திருத்த வேண்டும். அப்படித் திருத்தியவர் மேஸ்திரி.

அடுத்த படி பேரிங் வேலை. அச்சு சுழலும் உலோகத் தாங்கியின் உள்பரப்பு அச்சோடு முழுக்க ஒட்ட வேண்டும். அச்சில் நீலச்சாயம் மெலிதாகத் தடவித் தாங்கியை வைத்துச் சுழற்றி எடுத்தால், எங்கே உரசுகிறதோ அங்கே நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டி, மறுபடி சாயம், மறுபடி சுழற்சி. நீலப்புள்ளிகள் பரப்பு முழுக்கச் சீராகப் பரவும்வரை இது தொடரும். சரியாகப் பொருந்தாத தாங்கி ஓட்டத்தில் சூடேறி உருகிவிடும். வண்டி நடுவழியில் நின்றுபோகும். பராமரிப்பில் காதுக்கும் பங்கு உண்டு. நிற்கும் ரயிலின் சக்கரங்களை நீண்ட காம்புச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். கணீரென்று ஒலித்தால் சக்கரம் நலம். மந்தமாக ஒலித்தால் டயரில் விரிசல், அல்லது பிடி தளர்ந்திருக்கிறது.

கை வேலையை இப்படிக் கற்றவர்கள் மேல்பதவிக்குப் போவது அரிது. இந்திய ரயில்வேக்களில் ஃபோர்மேன், என்ஜின் டிரைவர் போன்ற இடங்கள் நெடுங்காலம் ஐரோப்பியர் கையிலும் ஆங்கிலோ இந்தியர் கையிலும்தான் இருந்தன. இங்கிலாந்தின் கிரூ, ஸ்விண்டன் பட்டறைகளில் பயிற்சி பெற்றவர்கள் அதிகாரிகளாக இங்கே வந்தார்கள். இந்திய மாணவர்களை எந்திரவியல் அதிகாரிகளாகப் பயிற்றுவிக்கும் திட்டம் பீகாரின் ஜமால்பூர் பட்டறையில் 1927இல்தான் தொடங்கியது. என்ஜினை அக்கு அக்காகப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒருவர் வேலைக்காலம் முழுவதும் மேஸ்திரிக்கு மேல் உயர முடியாத அந்த ஏற்பாடு, திறமையை விலை குறைத்து வாங்கிய ஏற்பாடு.

1920களில் கம்பெனி தன் பட்டறைகளை ஒரே இடத்தில் குவிக்க முடிவு செய்தது. இடம் திருச்சியை அடுத்த பொன்மலை. 1926க்கும் 1928க்கும் இடையே நாகையின் எந்திரங்கள் அங்கே பெயர்ந்தன. போத்தனூர்ப் பட்டறை வேலையும் அங்கேயே போனது. கூடவே ஆட்குறைப்பும் வந்தது: 3,100க்கும் மேற்பட்டோரை நீக்கத் திட்டம். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கக் கம்பெனி கையிலெடுத்தது தொழில்திறன் தேர்வு.

ஃபிட்டர் வேலைக்கு வருபவரைச் சோதித்துச் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் அதே பட்டறையில் காலமெல்லாம் உழைத்து, தன் கையால் ஓடவிட்ட என்ஜின்களையே சான்றாக வைத்திருப்பவரைப் புதியவர்போல் நிறுத்திச் சோதிப்பது வேறு. எத்தனை பேர் வெளியேற வேண்டும் என்பது முன்பே முடிவான பிறகு, அந்தத் தேர்வு திறனை அளக்கும் கருவியாக இருக்க வழியில்லை. தொழிலாளர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் பரவியது. தொழிற்சங்கத் தலைவர்கள் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னின்றார்கள். அரசு கம்பெனியின் பக்கம் நின்றது. தலைவர்களைக் கைது செய்து சிறைத்தண்டனை விதித்தது. அந்த மாதம் முடிவதற்குள் போராட்டம் ஒடுங்கியது. பட்டறையை இழந்த நாகை, டெல்டாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் இடம் என்ற தகுதியையும் இழந்தது. தொழில் தெரிந்த குடும்பங்கள் பொன்மலைக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன.

பொன்மலையில் கற்பித்தல் மெல்ல முறைப்பட்டது. விடுதலைக்குப் பின் 1950இல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. நாடெங்கும் ஐடிஐகள் பெருகின. 1961இல் வந்த அப்ரண்டிஸ் சட்டம், பட்டறைகள் குறிப்பிட்ட அளவில் பயிற்சியாளர்களைச் சேர்த்துக்கொள்வதைக் கட்டாயமாக்கியது. மேஸ்திரியின் மனம்போல் நீண்டுகொண்டிருந்த கற்கும் காலம் வரையறைக்குள் வந்தது. உதவித்தொகையும் சான்றிதழும் கிடைத்தன. வரைபடம் படிப்பதும் பட்டறைக் கணக்கும் எல்லாப் பையன்களுக்கும் உரிய பாடமாயின. டெல்டாவின் தொழிற்கல்வியில் இதைவிடப் பெரிய மாற்றம் நிகழவில்லை. 1960களில் திருச்சியில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை வந்தபின் வெல்டிங்கும் டெல்டா இளைஞர்களின் தொழிலானது.

நீராவி போய் டீசல் வந்த பிறகும் பழைய கை முற்றிலும் மறையவில்லை. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்புப் பல்சக்கர என்ஜின்கள் முதலில் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. அவை தேய்ந்தபோது புதியவற்றைப் பொன்மலையிலேயே செய்தார்கள். எண்ணெயில் ஓடுபவை முதலில் வந்தன. 2021இல் நிலக்கரி என்ஜின் ஒன்றும் வெளிவந்தது. உலகின் பெரும்பாலான ரயில்வேக்கள் நீராவியைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகளான காலத்தில் நடந்த வேலை இது. பொன்மலைத் தொழிலாளர்களுக்கு இதற்கான பெருமை இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை.

பொன்மலையிலிருந்து டெல்டாவின் கடலோரத்துக்கு வந்தால், வேதாரண்யத்தில் இந்தப் பழுதுபார்க்கும் தொழிலுக்கு எதிரி உப்பு. அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் பகுதிகளில் சுமார் 9,000 ஏக்கரில் உப்பளங்கள் உள்ளன. பாத்திக்கு உவர்நீர் இறைக்கும் மோட்டாரும் டீசல் என்ஜினும் உப்புக்காற்றிலேயே நிற்கின்றன. இரண்டு பருவம் கவனிக்காமல் விட்டால் போல்ட்டும் நட்டும் ஒன்றாகத் துருவேறி ஸ்பேனருக்கு அசையாது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவது, மரைகளில் கிரீஸ் தடவுவது, பம்பின் உள்ளிருக்கும் உவர்நீரை வடித்துவிடுவது ஆகியவை இங்கே கற்க வேண்டிய முதல் பாடங்கள். ஆறுகாட்டுத்துறை, கோடியக்கரை விசைப்படகுகளின் என்ஜினுக்கும் இதே பக்குவம் பொருந்தும். இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்பவர்கள் கடைத்தெரு மெக்கானிக்குகள். அவர்களிடம் எடுபிடியாகச் சேரும் பையன்கள் இன்றும் நாகைப் பட்டறைப் பையன்களின் வழியிலேயே கற்கிறார்கள். இவர்களுக்குச் சான்றிதழும் இல்லை, விபத்துக் காப்பும் இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் கடைத்தெருப் பட்டறைவரை வந்து சேரவில்லை.

அகஸ்தியன்பள்ளியிலிருந்து உப்பேற்றிச் சென்ற மீட்டர்கேஜ் ரயில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றது. திருத்துறைப்பூண்டி முதல் அகஸ்தியன்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகலப்பாதையாகி 2023 ஏப்ரல் 8 அன்று மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. ரயிலைப்போலவே முறையான பயிற்சிக்கும் இங்கே வழி உண்டு: வேதாரண்யத்தை அடுத்த செம்போடையில் அரசு ஐடிஐ இருக்கிறது. பொன்மலைப் பணிமனை பத்தாம் வகுப்பு தேறியவர்களையும் ஐடிஐ முடித்தவர்களையும் ஃபிட்டர், வெல்டர் உள்ளிட்ட பிரிவுகளில் அப்ரண்டிஸ்களாகச் சேர்த்துக்கொள்கிறது. குறைந்தபட்ச வயது 15. கடைத்தெருப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன்களுக்கு இந்தச் செய்தியைக் கொண்டுசேர்ப்பது அவர்களுடைய ஆசிரியர்களின் கடமை. பட்டறை முதலாளிகளின் கடமையும்கூட.