கம்பிக்குக் கீழே குப்பிலாம்பு

எங்கள் தோட்டத்து லயத்துக்குக் கரண்டு வருவதற்கு முன்பே நான் அங்கே மின்னல் காட்டிவிட்டேன். 1976, நோர்வூட். கராஜில் கழித்துப்போட்ட பெட்ரோல் ஜீப்பின் கொயில், ஒரு பழைய பன்னிரண்டு வோல்ட் பெட்டரி. பக்கத்துக் காம்பரா டிரைவர் மாமா கொடுத்தது.

கொயிலுக்குள் இரண்டு சுற்று: தடித்த கம்பி சில நூறு, மயிரிழைக் கம்பி பல ஆயிரம். பெட்டரித் தொடர்பைச் சட்டென்று அறுக்கும் அந்தக் கணத்தில்தான் மெல்லிய சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். ஒரு மில்லிமீற்றர் காற்றைக் கிழிக்க ஏறத்தாழ மூவாயிரம் வோல்ட் வேண்டும். இஸ்தோப்பு இருட்டில் நீலப் பொறி 'டிக்' என்று தாவியது, மழைக்குப் பிந்திய வாசனை ஒன்று வந்தது. அப்போது மாமா சொன்னார்: "தம்பி, இதையே பெருசா பண்ணித்தான்டா நம்ம ஆத்த கொழும்புக்கு அனுப்புறாங்க."

மாமா சொன்னது சரி. தங்கம் தேடிப் போன டி. ஜே. விமலசுரேந்திர கண்டது அருவிகளை என்பார்கள். அபர்டீன், லக்சபான அருவிகளின் நீரால் நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று அந்தப் பொறியியலாளர் 1918இல் கட்டுரை வாசித்தார். வெள்ளைக்கார நிர்வாகத்துக்கு அவசரமில்லை. தொடங்கிய வேலையும் நின்றது. பழைய லக்சபான நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல்தான். 1953இல் அவர் காலமானார். முப்பத்திரண்டு வருடம் ஒரு மனிதன் ஒரே யோசனையைச் சுமந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது. எங்கள் கெசல்கமுவ ஓயாவைத் தேக்கும் காசல்ரீயிலிருந்து 1965இல் ஓடத் தொடங்கிய நிலையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

லக்சபானவிலிருந்து கொழும்புக்குப் போனது 66,000 வோல்ட் கம்பி. வோல்ட்டைப் பத்து மடங்கு உயர்த்தினால் அதே மின்சாரத்துக்குக் கம்பியில் வீணாகும் சூடு நூறில் ஒரு பங்காகும், அதற்குத்தான் ட்ரான்ஸ்போமர். நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் மூடுபனி நாளில் நின்றால் தலைக்கு மேலே இன்சுலேட்டர்கள் 'உஸ்' என்று இரையும். கீழே பெக்டரிக்கு விளக்கு, தொரை பங்களாவுக்கு விளக்கு. லயத்துக்குக் குப்பிலாம்பு.

எனக்கு ஆசை தீரவில்லை. பொறியை நீட்டிப் பார்க்கப் போய் ஒரு நாள் கம்பி கையில் பட்டது. சுவரில் போய் மோதினேன், முழங்கை ரெண்டு நாள் மரத்துக் கிடந்தது. மாமா பெட்டரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். "கொயில் தள்ளிவிட்டிருச்சு, பொழச்ச. லைன் கரண்டுல மாட்டுன ட்ரான்ஸ்போமர் புடிச்சா விடாதுடா." பின்னாளில் வயர்மேனாக வேலை செய்தபோது, பெரிய சுவிட்ச் ஒன்றைத் திறக்கையில் ஒரு முழ நீளத்துக்குத் தீ வளைந்து நின்றதைப் பார்த்தேன். சூடான காற்று அதை மேலே இழுத்துக்கொண்டே போனது. மாமா குரல்தான் காதில் கேட்டது.

1993இல் எங்கள் லயத்தில் பல்ப் எரிந்தது. ஊரே கைதட்டியது. அம்மா மட்டும் உள்ளே போய்க் குப்பிலாம்பை எடுத்து, எண்ணெய் இருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்தாள்.