வீட்டுக்குள் வந்த சாம்பல் நிறம்

தீபாவளி நெருங்கினால் தோட்டத்து வீடுகளில் சுண்ணாம்பு வாளி வெளியே வந்துவிடும். ஒருவர் வெள்ளை கேட்பார். ஒருவர் நீலம் கேட்பார். சாம்பல் நிறம் வேண்டுமென்று யாரும் கேட்பதில்லை. வெறும் சிமெண்டுச் சுவரைக் கண்டால், "கையில் காசில்லை போலும்" என்று நினைப்பது நம் வழக்கம். ஆனால் ஜோகூர் கடற்பாலத்தைத் தாண்டியதும் வரும் உட்லண்ட்ஸில், வசதியுள்ளவர்கள் சிலர் பணம் கொடுத்துத் தரையையும் சுவரையும் சிமெண்டு போலவே பூசச் சொல்லுகிறார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது?

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார். அதற்குச் சாம்பல் நிறம் தருவது முக்கியமாக அதிலுள்ள இரும்புச் சத்து.

சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. மறு ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ தீவிபத்தில் சுமார் 16,000 பேர் வீடிழந்தனர். அதன்பின் அடுக்குமாடி வீடுகள் விரைந்து எழுந்தன. 1970களில் உட்லண்ட்ஸும் புதுநகரமாக வளரத் தொடங்கியது. அத்தாப்புக் குடிசையிலிருந்து வந்தவர்களுக்கு வெறும் சிமெண்டுத் தரை முடியாத வேலையாகவே தோன்றியது. கையில் பணம் சேர்ந்ததும் பலர் அதன்மேல் ஓடு பதித்தார்கள். அவர்கள் மறைத்த நிறத்தைத்தான் பேரப்பிள்ளைகள் இன்று விரும்பிக் கேட்கிறார்கள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பாரிஸின் கோப்லான் நெசவுச்சாலையில் சாயப் பகுதியின் தலைவராக இருந்தவர் செவ்ரெல் என்ற விஞ்ஞானி. கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்று அங்கே புகார் எழுந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்திலுள்ள நிறமே காரணம் என்று அவர் கண்டறிந்தார். 1839இல் அதை நூலாகவும் வெளியிட்டார். சாம்பல் நிறம் மற்ற நிறங்களோடு போட்டியிடுவதில்லை. பக்கத்திலுள்ள சிவப்பையும் மஞ்சளையும் எடுத்துக் காட்டும். அதனால்தான் அதை நடுநிலை நிறம் என்கிறோம்.

நம் பாட்டிமாருக்கு இது புதிதா? சாணம் மெழுகிய மங்கிய தரையில்தான் வெள்ளைக் கோலம் எடுப்பாகத் தெரிந்தது. வெள்ளைத் தரையில் அந்தக் கோலம் எங்கே தெரியும்?

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. உட்லண்ட்ஸ் குடும்பம் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கோ அது வந்து வாய்க்கிறது. நிறம் ஒன்றானாலும் இரண்டும் ஒன்றல்ல. வெளிச்சம் குறைந்த லயத்து அறையில் அடர்ந்த சாம்பல் நிறம் பூசினால் இருட்டுதான் கூடும். அங்கே சுவர் வெள்ளையாகவே இருக்கட்டும். தரை சிமெண்டாக இருந்தால் அதற்காக வெட்கப்படவோ, கடன் வாங்கி மறைக்கவோ வேண்டாம். கழுவித் துடைத்து, ஒரு சிவப்புப் பாயை விரித்துப் பாருங்கள். குத்துவிளக்கை ஏற்றி வையுங்கள். அந்தத் தரையின் அழகு உங்களுக்கே தெரியும்.