மோட்லைன் (எக்ஸ் சாளர முறைமை)

மோட்லைன் என்பது, யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பயன்படும் எக்ஸ் சாளர முறைமையில், கணினித் திரைக்கு (மானிட்டர்) அனுப்பப்படும் படத்தின் பிரிதிறனையும் நேர அளவுகளையும் வரையறுக்கும் ஒற்றை வரி ஆகும். இவ்வரியில் ஒன்பது எண்களும், ஒத்திசைவுத் துடிப்புகளின் முனைவைக் காட்டும் இரு குறிகளும் அடங்கும். தற்காலத்தில் பெரும்பாலான திரைகள் தமக்குரிய அளவுகளைத் தாமே கணினிக்குத் தெரிவிக்கின்றன. அத்தகவல் கிடைக்காதபோதோ பிழையாக இருக்கும்போதோ, திரையின் முழுப் பிரிதிறனைப் பெறுவதற்கு மோட்லைனைக் கையால் அமைக்க வேண்டியுள்ளது.

அமைப்பு

1920×1200 படப்புள்ளிகள் கொண்ட திரைக்கான மோட்லைன் ஒன்றின் எண்கள் பின்வருமாறு:

154.00   1920 1968 2000 2080   1200 1203 1209 1235

முதல் எண் படப்புள்ளிக் கடிகாரம் ஆகும். ஒரு நொடியில் எத்தனை படப்புள்ளிகள் அனுப்பப்படுகின்றன என்பதை இது மெகாஹெர்ட்ஸ் அலகில் குறிக்கின்றது.

அடுத்த நான்கு எண்கள் கிடைத்திசைக்கு உரியவை. ஒவ்வொரு கோட்டிலும் 1920 படப்புள்ளிகள் கண்ணுக்குத் தெரிபவை. 1968 ஆவது இடத்தில் கிடை ஒத்திசைவுத் துடிப்பு தொடங்கி 2000 இல் முடிகின்றது. கோட்டின் முழு நீளம் 2080 ஆகும்.

இறுதி நான்கு எண்கள் இதே முறையில் நிலைக்குத்துத் திசையைக் கோடுகளின் எண்ணிக்கையில் குறிக்கின்றன. தெரியும் கோடுகள் 1200. மொத்தக் கோடுகள் 1235.

கணக்கீடு

ஒரு முழுப் படத்துக்குத் தேவையான படப்புள்ளிகள் 2080 × 1235 = 25,68,800 ஆகும். கடிகார வேகமான 15,40,00,000 ஐ இதனால் வகுத்தால் ஏறத்தாழ 59.95 கிடைக்கும். இதுவே ஒரு நொடியில் படம் புதுப்பிக்கப்படும் வீதம். கடிகார வேகத்தைக் கோட்டின் முழு நீளத்தால் மட்டும் வகுத்தால் 74.04 கிலோஹெர்ட்ஸ் என்ற கிடை அலைவெண் கிடைக்கும். ஒரு திரை ஒரு மோட்லைனை ஏற்குமா என்பதை முடிவு செய்வதில் இவ்விரு அளவுகளும் முதன்மையானவை.

வெற்று நேரமும் இணைப்பின் எல்லையும்

தெரியும் அளவுக்கும் முழு அளவுக்கும் இடையேயுள்ள வேறுபாடு வெற்று நேரம் எனப்படும். எதிர்மின்கதிர்க் குழாய்த் திரைகளில், ஒரு கோட்டை வரைந்து முடித்த கதிர் அடுத்த கோட்டின் தொடக்கத்துக்குத் திரும்புவதற்கு இந்நேரம் இன்றியமையாதது. நீர்மப் படிகத் திரைகளில் கதிர் இல்லாமையால் இவ்வளவு நேரம் தேவையில்லை.

இவ்வேறுபாடு உயர் பிரிதிறன் திரைகளில் நடைமுறை முக்கியத்துவம் பெறுகின்றது. வெசா அமைப்பின் சிவிடி வாய்பாட்டின் வழக்கமான வடிவின்படி, 1920×1200 படத்தை 60 ஹெர்ட்ஸில் காட்ட 193.25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் தேவை. அதில் கோட்டின் முழு நீளம் 2592. அதாவது ஒவ்வொரு கோட்டின் நேரத்திலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெற்றாகக் கழிகின்றது. ஒற்றை இணைப்பு டிவிஐ வடத்தின் எல்லையோ 165 மெகாஹெர்ட்ஸ் ஆகும். எனவே அவ்வடத்தின் வழியாக இப்படத்தை அனுப்ப இயலாது. அதே வாய்பாட்டின் குறைத்த வெற்று நேர வடிவில் கடிகாரம் 154.00 ஆகக் குறைகின்றது. அதே வடத்தில் அதே படம் தெரிகின்றது. மேலே காட்டப்பட்டது இவ்வடிவமே ஆகும். திரையும் வடமும் பழுதின்றி இருந்தும் படம் தோன்றாமைக்கு, தேவையற்ற வெற்று நேரமே காரணமாக இருக்கக்கூடும்.

2560×1440 திரைக்குக் குறைத்த வடிவிலும் 241.50 மெகாஹெர்ட்ஸ் தேவைப்படுகின்றது. 165 மெகாஹெர்ட்ஸ் எல்லை கொண்ட பழைய கணினிகளில், ஏனைய எட்டு எண்களையும் மாற்றாமல் கடிகாரத்தை மட்டும் 120.75 எனப் பாதியாக்கினால், புதுப்பிப்பு வீதம் ஏறத்தாழ 30 ஹெர்ட்ஸ் ஆகும். திரை அவ்வீதத்தை ஏற்குமாயின் முழுப் பிரிதிறன் கிடைக்கும். ஆயினும் சுட்டியின் அசைவும் நிகழ்படமும் சீராகத் தோன்றா.

வரலாறு

எக்ஸ் சாளர முறைமை 1984 இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்டது. இதனைத் தனிமேசைக் கணினிகளுக்குக் கொண்டுவந்த எக்ஸ்ஃபிரீ86 திட்டம் 1992 இல் உருவானது. அக்காலத்தில் திரையின் கையேட்டைப் பார்த்து, அமைப்புக் கோப்பில் மோட்லைன்களை எழுதுவது பயனரின் பொறுப்பாக இருந்தது. இக்கணக்கை விளக்கி எரிக் எஸ். ரேமண்ட் பராமரித்த வழிகாட்டி, லினக்ஸ் பயனர்களிடையே பரவலாக வாசிக்கப்பட்டது.

1994 இல் வெசா அமைப்பு ஈடிஐடி என்னும் தரவு வடிவத்தை வெளியிட்டது. 128 பைட்டுகள் கொண்ட இத்தரவில், திரை தான் ஏற்கும் அளவுகளைக் குறித்து வைத்திருக்கும். கணினி வடத்தின் வழியாக அதனைப் படித்துக்கொள்ளும். 2004 இல் எக்ஸ்ஃபிரீ86 இன் உரிமம் மாற்றப்பட்டதைத் தொடர்ந்து, பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள் எக்ஸ்.ஆர்க் வழங்கிக்கு மாறின. 2007 இல் வெளியான ரேண்ட்ஆர் 1.2 நீட்சி, வழங்கியை நிறுத்தாமலேயே புதிய மோட்லைன்களைச் சேர்க்க வழி செய்தது.

ஆபத்துகள்

பழைய எதிர்மின்கதிர்க் குழாய்த் திரைகள் சிலவற்றில் பிழையான மோட்லைன் வன்பொருளையே பழுதாக்கக்கூடியதாக இருந்தது. தாங்கக்கூடிய அளவை மீறிய கிடை அலைவெண், கதிரை வளைக்கும் மின்சுற்றைச் சூடாக்கிக் கெடுக்கும். இதனைத் தடுக்கவே அமைப்புக் கோப்பில் கிடை அலைவெண், நிலைக்குத்து அலைவெண் ஆகியவற்றின் வரம்புகள் கேட்கப்பட்டன. வரம்புக்கு வெளியேயுள்ள மோட்லைன்களை வழங்கி தானே நிராகரித்துவிடும். ஆனால், கூடுதல் பிரிதிறனை விரும்பி வரம்புகளையே மிகைப்படுத்தி எழுதினால் இப்பாதுகாப்பு பயனற்றதாகிவிடும்.

பின்னர் வந்த திரைகள் பெரும்பாலும் ஏற்கவியலாத அலைவெண்ணைக் கண்டறிந்து, எச்சரிக்கையைக் காட்டியோ திரையை அணைத்தோ தம்மைக் காத்துக்கொள்கின்றன. எனினும், திரையின் கையேட்டில் உள்ள வரம்புகளை முதலில் அறிந்துகொள்வதே முறையாகும்.

கையால் அமைக்கும் முறை

திரைமாற்றிப் பெட்டிகள், தரவுக் கம்பி இல்லாத விஜிஏ வடங்கள், சில இணைப்பு மாற்றிகள் ஆகியவை ஈடிஐடி தரவைக் கணினிக்குக் கடத்துவதில்லை. அப்போது பணிச்சூழல் 1024×768 போன்ற தாழ்ந்த பிரிதிறனில் நின்றுவிடும். எக்ஸ்.ஆர்க் வழங்கியில் இதனைச் சரிசெய்யும் படிகள் பின்வருமாறு:

1. எக்ஸ்ரேண்ட்ஆர் கட்டளையைத் தனியே இயக்கி, திரை இணைந்துள்ள வெளியீட்டின் பெயரைக் கண்டறிதல்.
2. சிவிடி கட்டளைக்கு அகலம், உயரம், வீதம் ஆகியவற்றைக் கொடுத்து மோட்லைனைப் பெறுதல். நீர்மப் படிகத் திரைக்குக் குறைத்த வெற்று நேரத் தெரிவைச் சேர்க்கலாம். இத்தெரிவு 60 ஹெர்ட்ஸுக்கும் அதன் மடங்குகளுக்கும் மட்டுமே பொருந்தும்.
3. கிடைத்த கடிகார அளவை இணைப்பின் எல்லையோடும், அலைவெண்களைத் திரையின் வரம்புகளோடும் ஒப்பிடுதல்.
4. எக்ஸ்ரேண்ட்ஆர் கட்டளையால் அம்மோட்லைனைப் புதிய முறையாகப் பதிந்து, வெளியீட்டுடன் சேர்த்து, பின்னர் தெரிவு செய்தல்.

நான்காம் படியில் திரை இருண்டுவிட வாய்ப்புண்டு. ஆகவே, சில நொடிகள் காத்திருந்து பழைய முறைக்குத் திரும்பும் கட்டளையையும் அதே வரியில் தொடர்ந்து எழுதிவிடுவது பாதுகாப்பானது. படம் சரியாகத் தோன்றிய பின்னர் அதனை நீக்கிவிட்டு மீண்டும் இயக்கலாம்.

இவ்வாறு சேர்க்கப்பட்ட மோட்லைன், எக்ஸ் வழங்கி நிறுத்தப்படும்போது மறைந்துவிடும். நிலையாக வைத்திருக்க, எக்ஸ்.ஆர்க் அமைப்புக் கோப்பின் திரைப் பகுதியில் அவ்வரியை எழுத வேண்டும்.

வேலண்டில்

எக்ஸ் முறைமைக்கு மாற்றாக உருவான வேலண்டில், திரை முறையை அமைக்கும் பணி எக்ஸ் வழங்கியிடம் இல்லை. வேலண்ட் சூழலின் சாளர மேலாளரே லினக்ஸ் கருவின் (கெர்னல்) வழியாக அதனைச் செய்கின்றது. எனவே மேற்கண்ட எக்ஸ்ரேண்ட்ஆர் முறை அங்குப் பயன்படாது. லினக்ஸில், கணினி தொடங்கும்போது கருவுக்குக் கொடுக்கப்படும் வீடியோ அளவுரு மூலம் பிரிதிறனைக் குறிக்கலாம்; அல்லது பிழையற்ற ஈடிஐடி தரவைக் கோப்பாகச் சேமித்து, திரையிலிருந்து வருவதற்குப் பதிலாக அதனைப் படிக்கச் செய்யலாம். கோப்பு எதுவாயினும், ஈடிஐடி தரவினுள் விரிவான நேர அளவுகளாகப் பதிந்திருப்பவை மோட்லைனில் உள்ள அதே அளவுகளே ஆகும்.