தரையில் ஊற்றிய சிலை



சிலை என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றும்? கல்லில் செதுக்கிய சாமி, சிமெண்டில் செய்து வர்ணம் பூசிய கோபுரப் பொம்மை, இவைதானே? வர்ணத்தையே சிலையாக்கிய வரலாறும் ஒன்று உண்டு. அதன் மூலப்பொருள் கூலிமுக்கும் பீடோங்குக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் புதியதல்ல. அது ரப்பர்பால்!

பால் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துளிகள். 100 பங்கு பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 பங்குதான் ரப்பர். தண்ணீர் வற்றினால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தோலாகிவிடும். வெட்டிய பட்டையில் மறுநாள் உரித்தெடுக்கும் ஒட்டுப்பால் அப்படி வந்ததே. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்டும் இதே முறையில்தான் காய்கிறது. 1948 வாக்கில் அமெரிக்காவில் செயற்கை ரப்பர்பாலில் சுவர் வர்ணம் செய்து விற்றார்கள். அங்கே அதற்கு ‘லேடெக்ஸ் பெயிண்ட்’, அதாவது பால் வர்ணம், என்றே பெயர் நிலைத்தது.

நிற்க. லூசியானா மாநிலத்தில் 1941-இல் பிறந்த லிண்டா பெங்கலிஸ் என்ற பெண் கலைஞர், 1960-களின் இறுதியில் ரப்பர்பாலில் வர்ணங்களைக் கலந்து தரையில் ஊற்றினார். செதுக்கவில்லை, அச்சில் வார்க்கவில்லை, தூரிகையும் தொடவில்லை. பால் ஓடிய வழியே அதன் உருவம். 1969-இல் செய்த ‘கான்ட்ராபாண்ட்’ ஏறத்தாழ 33 அடி நீளம். நியூயார்க் விட்னி அருங்காட்சியகக் கண்காட்சியில் அதற்கு ஒதுக்கிய இடம் பிடிக்காமல் அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். 2008-இல் அதே அருங்காட்சியகம் அதைத் தன் உடைமையாக்கிக்கொண்டது!

“பாலைக் கீழே கொட்டிட்டு சிலைங்கிறாங்களே, இதென்ன கூத்து?” என்று நம் பாட்டிமார் கேட்கலாம். தோட்டத்து மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும் மட்டும் நிற்கின்றன. கண் இல்லை, மூக்கு இல்லை. ஆனாலும் ‘முனியாண்டி’ என்று கும்பிடுகிறோமே! முகமில்லாத உருவம் நமக்குப் பழக்கமானதுதான்.

ஏவா ஹெஸ் என்ற இன்னொரு கலைஞரும் ரப்பர்பாலில் சிற்பங்கள் செய்து, 1970-இல் 34 வயதில் மறைந்தார். அவற்றுள் பல இன்று பழுப்பேறி, இறுகி, நொறுங்குகின்றன. அருங்காட்சியக நிபுணர்கள் தலையைப் பிசைகிறார்கள். “வெயிலும் காத்தும் பட்டா ரப்பர் கெட்டுப்போகும்” என்பது ஸ்டோரில் வேலை பார்த்த எவருக்கும் கைப்பாடம்.

1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. பின்னாளில் கடல் கடந்து வந்த நம் முன்னோர் இருட்டில் எழுந்து, பெரட்டுக்கு நின்று, மங்கு மங்காகப் பால் சேர்த்தார்கள். எத்தனையோ தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. ஆனால் பாலைத் தொட்டே அதன் பக்குவம் சொன்ன அந்தக் கைகளின் அறிவை நாம் மறக்கலாமா?

மாணவர்களே! மீந்த எமல்ஷன் வர்ணத்தைப் பிளாஸ்டிக் தாளில் ஊற்றிச் சில நாள் காயவிடுங்கள். மெல்ல உரித்து, மடித்து, வளைத்துப் பாருங்கள். உங்கள் கையிலும் ஒரு சிலை பிறக்கும். அதை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, பால் எப்படிக் கட்டும் என்று கேளுங்கள். “எங்க தாத்தா பால்மரம் வெட்டினவரு” என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.